அமெரிக்காவில் ஒரு சிலோன்: ஊர்ப்பெயர் தேடும் அரச சேவை எப்படி இருக்கிறது?

அமெரிக்க அரசாங்கத்தின் ஊர்ப்பெயர்ப் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைத் தோண்டிப் பார்க்க ஒரு சதமும் தேவையில்லை, கணக்குத் திறக்கச் சொல்லியும் கேட்காது. அந்த நாட்டுப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் நடத்தும் சேவை இது, சுருக்கமாக ஜி.என்.ஐ.எஸ். என்பார்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்குப் பெரிய காரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பெயரை அடித்து, மாநிலத்தைத் தெரிவு செய்தால் போதும். அது ஊரா, ஆறா, மலையா, எந்தக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் வரும் நிர்வாகப் பிரிவு) இருக்கிறது, அகலக்கோடு நெடுங்கோடு என்ன என்று வரிசையாகக் காட்டும். இலட்சக்கணக்கான பெயர்கள் உள்ளே இருக்கின்றன. பின்னால் நிற்பது 1890இல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் அமைத்த புவியியல் பெயர்கள் சபை. ஒரே இடத்தை ஒரு வரைபடம் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் எழுதிக் குழப்பியதால்தான் அப்படி ஒரு சபையே தேவைப்பட்டது. ஆரம்பத்தில் நல்ல கண்டிப்பு. பிட்ஸ்பர்க் நகரத்தின் ஆங்கிலப் பெயரில் கடைசி எழுத்தான h-ஐ 1891இல் வெட்டிவிட்டார்கள், நகரத்தார் விடவில்லை, 1911இல் திரும்ப ஒட்ட வேண்டி வந்தது.

நான் முதலில் தேடியது சிலோன். வேறு எதைத் தேடுவது! ஒஹாயோவில் ஒன்று, இந்தியானாவில் ஒன்று, அப்புறம் எனக்கு மிகவும் பிடித்துப்போன மினசோட்டா சிலோன். மார்ட்டின் கவுண்டியில், ஐயோவா எல்லைக்குக் கிட்ட, சோளமும் சோயாவும் விளைகிற பூமியில் சில நூறு பேர் மட்டும் வாழ்கிற சின்ன ஊர். ஜிம்மி கார்ட்டரிடம் துணை ஜனாதிபதியாக இருந்து 1984இல் ரீகனை எதிர்த்துத் தோற்ற வால்டர் மொண்டேல் 1928இல் பிறந்தது இங்கேதான். நாங்கள் 1972இல் கைவிட்ட பெயரை அந்த ஊர் இன்னும் பெயர்ப்பலகையில் வைத்திருக்கிறது என்று நினைக்க எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

சரி, ஏன் அந்தப் பெயர்? இங்கேதான் அந்த ஒரு புள்ளி போகிறது. ஊர் எங்கே என்று இந்தப் பதிவேடு துல்லியமாகச் சொல்லும், பெயர் எப்படி வந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. வரலாற்றுக் குறிப்புக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான ஊர்களுக்கு அது வெறுமையாகவே கிடக்கும். அதற்கு மாநில வரலாற்றுச் சங்கங்களின் ஆவணங்கள் பக்கம் போக வேண்டும். அங்கே போனால் கதை கிடைக்கிறது: ரயில் பாதை வந்து சேர்ந்த 1899இல் நிலம் அளந்து தெரு பிரித்து உருவான ஊர், எங்கள் தீவின் பெயரையே வைத்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கிராமத்துக்குப் பெயர் வைத்ததில் பாதி வேலை ரயில் கம்பனியுடையது, மீதி தபால் கந்தோருடையது. ஒரே மாநிலத்தில் ஒரே பெயரில் இரண்டு தபால் கந்தோர் இருந்தால் கடிதம் மாறிப் போகும், அதனால் வேறு யாரும் வைக்காத, சுருக்கமான பெயராகக் கேட்பார்கள். உள்ளூர்ப் பெயர்கள் முடிந்துபோனால் தூரதேசத்துப் பெயர்களில்தானே கை வைக்க வேண்டும். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்று தனி மண்டபம் கட்டி எங்கள் தேயிலையைப் பரப்பினார்கள். ஆறு வருடம் கழித்து மினசோட்டாக்காரருக்கு அந்தப் பெயர் வாயில் வந்ததற்கு அந்தத் தேயிலை வியாபாரத்துக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இந்தச் சேவையில் நான் மனதார மெச்சுவது மாற்றுப் பெயர்களுக்கு வைத்திருக்கும் இடத்தை. நியூ மெக்சிகோவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் இருந்தது. தன் வானொலி நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஊரிலிருந்தே பத்தாம் ஆண்டு ஒலிபரப்பை நடத்துவேன் என்று ரால்ஃப் எட்வர்ட்ஸ் அறிவிக்க, 1950இல் ஊரார் வாக்களித்து ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். நிகழ்ச்சி எப்போதோ நின்றுவிட்டது, பெயர் நிற்கிறது. ஊரின் பெயரை ஊரார்தான் தீர்மானிக்கிறார்கள், பழையதையும் புதியதையும் சேர்த்துப் பதிந்து வைப்பதுதான் பதிவேட்டின் வேலை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

எங்களுக்கு இது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையைப் பட்டிக்கோட்டா என்றும் தெல்லிப்பழையை தில்லிப்பள்ளி என்றும் உடுவிலை ஊடூவில் என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கடிதங்களையும் அறிக்கைகளையும் வாசிக்கிற பிள்ளைகள் இன்னும் அதில் தடுமாறுகிறார்கள். எங்கள் காணி உறுதிகளில் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பெயர் இருக்கிறது, ஒழுங்கைக்குப் பெயர் இருக்கிறது, குறிச்சிக்குப் பெயர் இருக்கிறது. அதையெல்லாம் இப்படித் தேடிப் பார்க்கக்கூடிய இடத்தில் போட்டு, கூடவே ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் காரணத்தையும் எழுதி வைத்தால் அமெரிக்காக்காரனை விட நல்ல பதிவேடு எங்களிடம் இருக்கும். உறுதிகள் பெட்டிக்குள் கறையான் அரிக்க முதல் யாராவது தொடங்க வேண்டும், பல்கலைக்கழகம் தொடங்கினால் இன்னும் நல்லது.

இன்னொரு குறையும் உண்டு. பள்ளிக்கூடம், தேவாலயம், சேமக்காலை போன்றவற்றின் பெயர்களை இப்போது புதுப்பிப்பதில்லை, பழைய கோப்பாக ஒதுக்கிவிட்டார்கள். ஒரு கிராமம் கலைந்துபோனால் கடைசியில் மிஞ்சுவது அதன் சேமக்காலைதான், எனவே ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்கு இது நட்டம். அத்தோடு எல்லாமே ஆங்கிலம்.

அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கிற ஊர் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புபவர்களும், உயர்தரத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைகளும் கட்டாயம் ஒருமுறை பார்க்கலாம். தேடும்போது மாநிலத்தை மறக்காமல் குறியுங்கள், வகையில் குடியிருப்பு என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள ஓடையும் குளமும் வந்து பட்டியலை நிரப்பிவிடும். ஒரே ஊர் இரண்டு தடவை வந்தால் பயப்பட வேண்டாம், ஒன்று குடியிருப்பு, மற்றது அதன் நிர்வாக எல்லை.