போர் எரித்த மண்ணுக்கு யார் ஈடு தருவது?

1942 பிப்ரவரியில் எங்கள் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தார். ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் படையே எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்தது. கொடியில் காய்ந்த வேட்டியைத் தொட்டால் பிசுக்கென்று கரி விரலில் ஒட்டுமாம். 1966இல் ஜப்பான் சிங்கப்பூருக்கு 50 மில்லியன் வெள்ளி தர ஒப்புக்கொண்டது. பாதி நன்கொடை, பாதி கடன். மாண்டவர்களுக்கான அந்த ‘இரத்தக் கடன்’ கணக்கில் மண்ணுக்கும் கடலுக்கும் இடமில்லை.

இன்று அந்தக் கணக்கைக் கேட்க மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. என் மனம் முதல் வழியின் பக்கம்தான்.

அது இழப்பீட்டு ஆணையம். ஈராக் படையெடுத்த குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்த பிறகு, 1991இல் ஐநா பாதுகாப்பு மன்றம் 687ஆம் தீர்மானத்தில் சுற்றுச்சூழல் சேதத்துக்கும் ஈராக்கே பொறுப்பு என்று எழுதியது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு நேராக நிதிக்குப் போனது. சுற்றுச்சூழலுக்காகக் கேட்கப்பட்டது ஏறக்குறைய 85 பில்லியன் அமெரிக்க டாலர், ஒப்புக்கொள்ளப்பட்டது 5.3 பில்லியன் அளவுக்குத்தான். ஆனாலும் அது கைக்கு வந்த பணம். மண்ணைச் சீராக்கத்தான் செலவாகிறதா என்றும் கண்காணித்தார்கள். இன்னொன்று எனக்கு மிக முக்கியம்: எந்தத் தரப்பின் ராணுவ நடவடிக்கையால் சேதம் வந்தாலும், படையெடுத்த நாடே பொறுப்பு என்று ஆணையம் விதி வகுத்தது. அந்த அளவுகோலை 1942க்குப் பொருத்தினால், தீ வைத்தது பிரிட்டிஷ் படை என்ற வாதம் ஜப்பானைக் காப்பாற்றியிருக்காது.

குறையும் உண்டு. பொருளாதாரத் தடைகளால் மருந்துக்கே திண்டாடிய ஈராக்கிய மக்களின் வருமானத்திலிருந்துதான் அந்தப் பணம் பிடிக்கப்பட்டது. பாதுகாப்பு மன்றத்தில் ரத்து அதிகாரம் உள்ள நாடு படையெடுத்தால் இந்த வழியே அடைபடும். பொதுச் சபையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. 2006இல் லெபனான் கரையில் பரவிய எண்ணெய்க்காக இஸ்ரேல் 856.4 மில்லியன் டாலர் தரவேண்டும் என்று 2014இல் அது தீர்மானம் போட்டது. வசூலிக்க அதனிடம் வழியில்லை.

இரண்டாவது, அனைத்துலக நீதிமன்றம். இரு நாடுகளும் அதன் அதிகாரத்தை ஏற்றிருந்தால்தான் வழக்கே நடக்கும். கொங்கோ, உகாண்டாவிடம் 11 பில்லியன் டாலருக்கு மேல் கேட்டது. 2022இல் கிடைத்தது 325 மில்லியன். அதில் இயற்கை வளங்களுக்கு 60 மில்லியன். காடழிப்புக் கோரிக்கை ஆதாரம் போதாமல் தள்ளுபடியானது. போர் நடக்கும் காட்டில் யார் மரங்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

மூன்றாவது, சூழல் அழிப்பைக் குற்றமாக்குவது. வனுவாட்டு, ஃபிஜி, சமோவா மூன்றும் 2024இல் இதை அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்திடம் முன்மொழிந்தன. அச்சுறுத்தலாகப் பயன்படும். ஆனால் அங்கே கூண்டில் ஏறுபவர் தனிமனிதர், நாடு அல்ல. சிங்கப்பூர் அதில் உறுப்பினரும் அல்ல.

ஆணையம் அமையும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சாட்சியங்களை முதலில் சேர்க்கலாம். உக்ரேனுக்காக ஐரோப்பிய மன்றம் 2023 மே மாதத்தில் சேதப் பதிவேட்டைத் தொடங்கியது. அடுத்த மாதம் ககோவ்கா அணை உடைந்தபோது, எழுதிவைக்க ஓர் ஏடு ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்தது.