புத்தகக் கடையில் 'மகளிர்' அலமாரி

பெயர் வேண்டாம், எங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடை. விலைக்கு நான்கு நட்சத்திரம். அடுக்கியிருக்கும் லட்சணத்துக்கு ஒன்றரை, அதுவும் இரக்கப்பட்டு.

முன்பக்கம் 'இலக்கியம்'. பின்பக்கம், ஃபேன் காற்று வராத மூலையில், 'மகளிர்'. கோலப் புத்தகம், ஊறுகாய்க் குறிப்பு, அவற்றுக்கு நடுவில் சிறுகதை எழுத்தாளர் அம்பை. 1936-லேயே தேவதாசி முறையை எதிர்த்து நாவல் எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அங்கேதான். சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால், சுஜாதா நாவல்கள் மூன்றும் புஷ்பா தங்கதுரை ஒன்றும் அதே தட்டில்! பெண் பெயரில் எழுதிய ஆண்கள் என்று சொன்னதும் கடைத்தம்பி பதறிப்போய் நான்கையும் 'இலக்கியம்' பக்கம் கொண்டுபோய் வைத்தார். அம்பை ஊறுகாயோடேயே இருந்தார்.

'எழுத்தாளர்' என்ற சொல்லில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, 'அர்' விகுதி பலர்பால், மரியாதைக்கும் அதுதான். ஆனாலும் 'ஆண் எழுத்தாளர்' என்று எந்தப் பலகையும் பார்த்ததில்லை. ஆண்தான் அளவுகோல், பெண் அதிலிருந்து விலகல் என்று மொழி பழக்கியிருப்பதை ஆஸ்திரேலியப் பெண்ணிய எழுத்தாளர் டேல் ஸ்பெண்டர் 1980-இல் ஆங்கிலத்தை வைத்து எழுதினார். இங்கே 'கணவர் வந்தார், மனைவி வந்தாள்' என்று இன்னும் கதைகளில் படிக்கிறோமே, அது போதாதா?

அப்புறம், பில்லில் 'சார்' என்று அச்சாகி வந்தது. மாற்ற முடியாதாம், சாஃப்ட்வேர் அப்படியாம். இரண்டு புத்தகம் 140 ரூபாய், அட்டை கிழியவில்லை. மறுபடி போவேன், கையில் ஒரு துடைக்கும் துணியோடு.