பருவுக்கு வேப்பிலையா, டீ ட்ரீ எண்ணெயா?

பரு வந்தால் பாட்டி வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அரைத்து வைப்பார். அக்கா ஆன்லைனில் டீ ட்ரீ எண்ணெய் வாங்குவாள். பக்கத்து வீட்டு அத்தை எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்க்கச் சொல்வார். பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி முடியும்வரை இந்த மூன்றையும் என் முகத்தில் போட்டுப் பார்த்தவள் நான்.

ஒப்பிடும்முன் ஒரு விஷயம். பரு என்பது வெறும் அழுக்கு இல்லை. ஹார்மோன் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கிறது, தோல்துளை அடைபடுகிறது, உள்ளே கிருமி பெருகி வீக்கம் வருகிறது. நம் மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பரு போனாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். எரிச்சல் தரும் எந்த மருந்தும் அந்தக் கருமையைக் கூட்டும். அதனால் கிருமியைக் கொல்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, தோலைப் புண்ணாக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால், மூலிகைகளில் டீ ட்ரீதான் முன்னால் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் மரத்தின் இலையிலிருந்து எடுப்பது இது. 1990இல் அங்கே பருவுள்ள 124 பேரை வைத்து, 5% டீ ட்ரீ ஜெல்லையும், மருந்துக்கடையில் கிடைக்கும் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5% அளவிலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. கவனிக்க வேண்டியது அந்த 5%. கடையில் வரும் சின்னப் பாட்டில் பெரும்பாலும் கலப்பில்லாத எண்ணெய். அதை நேராகத் தொட்டு வைத்தால் தோல் வெந்துபோகும். திறந்து நாளான பாட்டில் காற்றுப்பட்டு மாறி ஒவ்வாமை தரும். ஜெல்லாகவே வாங்குவது நல்லது. விழுங்கினால் விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வேப்பிலை? ஆய்வகத்தில் கிருமியைத் தடுக்கிறது, அது உண்மை. ஆனால் வீட்டில் அரைக்கும் விழுதில் எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு நாளும் மாறும். மனிதர்களிடம் செய்த நல்ல சோதனைகளும் குறைவு. லேசான பருவுக்குப் பத்து நிமிடம் பூசிக் கழுவினால் பெரிய கெடுதல் இல்லை. அதோடு சேர்க்கும் மஞ்சளிலும் கவனம் வேண்டும், கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கின் தூளும் விற்கிறார்கள். அசலில் கற்பூர வாசம் வரும்.

சோற்றுக் கற்றாழை இதமானது, ஆனால் பருவை விரட்டும் வீரன் இல்லை. ட்ரெட்டினாயின் என்ற பரு மருந்துக் களிம்போடு சேர்த்துப் பூசியபோது நல்ல பலன் கிடைத்திருக்கிறது, அதாவது நல்ல துணை. வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வழிய விட்டுவிட்டு உள் சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பால் அரிக்கும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அவ்வளவு புளிப்பு தோலுக்கு ஆகாது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம் போல் சிவந்து, பிறகு கருத்துப்போகும். என் கன்னத்தில் இருந்த அந்தக் கருமை போக ஒரு வருடம் ஆனது. ஜாதிக்காயை உரைத்துப் பூசுவதும் எரியக்கூடியதுதான்.

சரி, மருந்துக்கடை பென்சாயில் பெராக்சைடு? வேகம் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், அதுவும் 2.5%. பரு குறைவதில் 10%க்கு ஏறக்குறைய ஈடு, எரிச்சல் குறைவு. தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளை உறை போடுங்கள்.

எதை எடுத்தாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் எட்டு வாரமாவது பொறுங்கள். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள், குழி விழும் தழும்புகள் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அவற்றுக்கு மூலிகை போதாது, நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.