தமிழ்ப் பக்கத்தில் பேஸ்லைன் கிரிட்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், வரிகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில் உட்கார உதவும் சம இடைவெளிக் கோடுகள்தான் பேஸ்லைன் கிரிட். தமிழ் உரைநடைக்கு அதைப் போடும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது லீடிங், அதாவது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (பேஸ்லைன்) அடுத்த வரியின் அடிக்கோடு வரையான தூரம். தானியங்கி லீடிங் எழுத்தளவில் 120 சதவீதம்; தமிழுக்கு அது போதாது. மேல்வரியின் ‘து’, ‘நூ’ கீழே நீண்டு, அடுத்த வரியின் ‘கீ’, ‘ணி’ மேல்விலங்கில் இடிக்கும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் வைத்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் மூச்சுவிட இடம் கிடைக்கும். மற்ற எல்லாக் கணக்கும் இந்த 16-இலிருந்துதான்.

ஏ5 பக்கத்தின் உயரம் ஏறக்குறைய 595 பாயிண்ட். 30 வரிக்கு 480 போக, மீதி 115. மேலே 50, கீழே 65. கிரிட் மேல் மார்ஜினிலிருந்து தொடங்கட்டும். உரை நிற்கும் பெட்டியான டெக்ஸ்ட் ஃபிரேமின் முதல் பேஸ்லைனை ‘அசென்ட்’ என்று விடாமல் ‘லீடிங்’ என்று மாற்றிவிடுங்கள். அசென்ட், அதாவது அடிக்கோட்டுக்கு மேலே எழுத்து எழும் உயரம், எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும் என்பதால், எழுத்துருவை மாற்றினால் முதல் வரியே இடம் மாறிவிடும்.

அதிகம் சிக்கல் தருவது தலைப்புதான். 15 பாயிண்ட் தலைப்புக்கு 20 பாயிண்ட் லீடிங் கொடுத்து, அதையும் கிரிட்டில் பூட்டினால், இரண்டாம் வரி 20-இல் நிற்காது. அடுத்த கோடான 32-க்குத் தாவும். ஒரே தலைப்பு இரண்டு தலைப்புபோலப் பிளந்து கிடக்கும். தலைப்பு ஸ்டைலை (தலைப்புக்கெனச் சேமித்துவைத்த வடிவமைப்பு) கிரிட்டிலிருந்து விடுவித்துவிட்டு, மொத்த உயரத்தை 16-இன் மடங்காக்க வேண்டும். ஈரடித் தலைப்பு 40, மேலும் கீழும் சேர்த்து இடைவெளி 24, ஆக 64. ஓரடிக்கு 20 கூட்டல் 28, ஆக 48. இரண்டுக்கும் தனித்தனி ஸ்டைல் வைப்பது சலிப்பான வேலை. ஆனாலும் குறுக்குவழி எதுவும் சரிப்படவில்லை. அடிக்குறிப்பில் இந்தத் தொல்லை குறைவு: 12 பாயிண்ட் லீடிங் என்றால் நான்கு வரி, உரையின் மூன்று வரிக்குச் சமம்.

கிரிட் வரிகளின் உயரத்தைத்தான் ஒழுங்குபடுத்தும், அகலத்தை அல்ல. ஏ5-இல் 315 பாயிண்ட் அகல வரியில் தமிழ்ச் சொற்கள் நான்கைந்துதான் அடங்கும். இருபுறமும் சீராக்கினால் சொல்லிடைவெளிகள் விரிந்து நடுவில் வெள்ளை ஆறு ஓடும். அதை அடைக்க எழுத்திடைவெளியைத் தளர்த்தாதீர்கள். ‘கொ’வின் கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகி நிற்கும். சொல்லிடைவெளி குறைந்தது 80, விரும்புவது 100, அதிகபட்சம் 133 சதவீதம் என்ற இயல்பு நிலையிலேயே இருக்கட்டும். பத்தி ஸ்டைலில் மொழியைத் தமிழாக்கி, சொல் உடைப்பை அனுமதியுங்கள். உடைந்த பகுதி புள்ளி வைத்த மெய்யில் தொடங்கினால் கையால் திருத்த வேண்டும். தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். கிரிட் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

இத்தனை பாடுக்கும் பலன் மெல்லிய தாளில் தெரியும். பின்பக்க வரிகள் முன்பக்க வரிகளுக்கு நேர்பின்னால் விழுவதால் வரியிடைவெளி சாம்பல் பூக்காமல் வெளுப்பாக இருக்கும். தடித்த தாளில் நிறையப் படங்களோடு வரும் பக்கங்களுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை.