பள்ளிக்குச் சுற்றுச்சூழல் கல்வி: நிறுவன முகாமா, அரசின் மன்றமா?

வட சென்னையின் திருவொற்றியூரில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்குப் போன கல்வியாண்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒரு தொழிற்சாலையின் சமூக நல நிதியில் நடக்கும் சுற்றுச்சூழல் முகாம். இன்னொன்று, அரசுத் திட்டத்தின்படி பள்ளியில் பெயரளவில் கிடந்த சுற்றுச்சூழல் மன்றத்தை நாமே எழுப்பி நடத்துவது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். இருப்பது ஒரு ஆசிரியை, வாரத்தில் ஒரு பாடவேளை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான். பேசி முடித்து, மன்றம் என்று தீர்மானம் போட்டோம். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்.

முகாமின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வண்டலூர் போய் வர பஸ், தொப்பி, மரக்கன்று, மதியச் சாப்பாடு, நமக்குச் செலவில்லை. பேச வரும் இளைஞர்களும் நன்றாகவே பேசுகிறார்கள், பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள். மன்றத்தில் இதெல்லாம் கிடையாது.

ஆனால் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மூன்றாவது வருடம் இதை யார் நடத்துவார்கள்?

மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளவீட்டு நிலையம் இருக்கிறது. அது காட்டும் காற்றுத் தரக் குறியீடு வாரியத்தின் சமீர் செயலியில் வரும்; எண் கூடக் கூட காற்று மோசம். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதி, கரும்பலகையிலும் போடுகிறார்கள். 100ஐத் தாண்டினால் சிவப்பு சாக்பீஸ். பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு அந்த 100 என்பது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பும் அதுவே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவோ 15. அப்படியானால் பலகையில் வெள்ளை எழுத்தில் இருக்கும் நாளும் நல்ல காற்று என்று சொல்லிவிட முடியாது. இதைக் கண்டுபிடித்துக் கேட்டது ஒரு மாணவிதான்.

இந்த நோட்டின் மதிப்பு ஒரு நாளில் தெரியாது. போகிக்கு எவ்வளவு ஏறுகிறது, மழைக்கு எவ்வளவு இறங்குகிறது, எந்த மாதம் மோசம் என்றெல்லாம் சொல்ல வேண்டுமானால் வருடக்கணக்கில் விடாமல் எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு எழுதியதை அடுத்த எட்டாம் வகுப்பு வாங்கித் தொடர வேண்டும். வந்து போகும் முகாமால் இதைச் செய்ய முடியாது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்படி ஒரு முகாம் இரண்டு வருடம் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அதிகாரி மாறினார், அடுத்த வருடம் யாரும் வரவில்லை. யாரிடம் கேட்பது என்றுகூடப் பள்ளிக்குத் தெரியவில்லை.

அரசின் மன்றத்துக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருக்கிறது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பள்ளி மன்றங்களுக்கான திட்டம் 2001-02இல் வந்தது. மன்றத்துக்கு ஒரு பொறுப்பாசிரியர் உண்டு. அவர் மாற்றலாகிப் போனாலும் பொறுப்பு பள்ளியிலேயே இருக்கும். இன்னொருவரை நியமிக்கச் சொல்லி நாம் உரிமையோடு கேட்கலாம். நம் வரிப்பணத்தில் நடப்பதால் வரும் உரிமை அது.

அப்புறம், என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. முகாம்காரர்கள் தந்த நிகழ்ச்சி நிரலில் பிளாஸ்டிக் பை இருந்தது, மரம் நடுவது இருந்தது. எங்கள் பக்கம் எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆறு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்ததையும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதையும் நேரில் பார்த்த பிள்ளைகள் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பேசாமல் இந்த ஊரில் சுற்றுச்சூழலைப் பற்றி என்ன பேச முடியும்?

நியாயமாகச் சொன்னால், மாநிலம் முழுவதற்குமான பாடநூலிலும் எண்ணூருக்குத் தனி இடம் கிடைக்காது. கொடைக்கானல் பிள்ளைக்கும் அதே புத்தகம்தான். அந்த இடைவெளியை மன்றத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மீனவர் வீட்டு அம்மா ஒருவர், “டீச்சர், காக்கா ஆழியைப் பத்தி எங்க வீட்டுக்காரர் வந்து சொல்லட்டுமா?” என்று கேட்டார். அவர் கணவரும் ஒரு பை நிறையச் சிப்பியோடு வந்தார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் சிப்பி ஆற்றின் அடியில் கம்பளம் மாதிரிப் படர்வதையும், இங்கேயே வளரும் மஞ்ச மட்டி என்ற சிப்பி அதனடியில் மூச்சுமுட்டிச் சாவதையும், இறால் பிடிப்பவர்கள் கால் கிழிபடுவதையும் சொன்னார். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

மன்றத்தின் குறைகளும் சின்னவை அல்ல. மானியம் சில ஆயிரம் ரூபாய்தான், அதையும் நம்பிக் காத்திருக்க முடியாது. ஆசிரியைக்கு எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் விவரம் பதிவேற்றுவது முதல் தேர்தல் வேலை வரை தலைக்கு மேல் வேலை. எங்கள் அனுபவமும் ஒரு வருடத்து அனுபவம்தான். ஆசிரியை இன்னும் மாற்றலாகவில்லை. ஆகவே நான் இவ்வளவு அழுத்திச் சொல்லும் காரணத்தை எங்கள் பள்ளி இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்றும் என்னால் சொல்ல முடியாது.

உங்கள் பள்ளிக்கும் ஒரு நிறுவனம் முகாமோடு வந்தால் விரட்ட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளுக்குத் தனியார் நிதி தர 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. பணத்தை அந்த வழியில் தரச் சொல்லலாம். பாடத்தை மன்றம் முடிவு செய்யட்டும். எங்களிடம் வந்தவர்களுக்கும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.