டீசல் மோட்டார்ஹோமில் மூன்று பனிக்காலம்: தண்ணீரைக் கொட்டும் அந்த வால்வு

வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்த அன்றே நண்பர் ஒருவர் அழைத்தார். என்னுடையதைப் போன்ற பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம். "கடுங்குளிர்ல டீசல் உறைஞ்சிடுமே, எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றார். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று பனிக்காலம் ஓட்டிவிட்டேன். டீசல் என்னை ஒரே ஒரு நாள்தான் நடுவழியில் நிறுத்தியது. தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் உள்ளங்கை அளவில் இருக்கும் ஒரு வால்வு.

டீசல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு உண்டு. குளிர் கூடக்கூட அது பொடிப்பொடியாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க் நிறைய எரிபொருள் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு சொட்டு போகாது. சமவெளியில் நிரப்பிய கோடைக்கால டீசலோடு இரவில் மலையேறியதுதான் அன்று நான் செய்த தவறு. இப்போதெல்லாம் டேங்கைப் பாதி காலியாக வைத்துக்கொண்டு ஏறி, மேலே விற்கும் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்கிறேன். டீசலில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவதென்றால் மெழுகு திரளும் முன்பே ஊற்றிவிட வேண்டும். எஞ்சின் புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்தாலும் கவலையில்லை. அதன் தொட்டியிலேயே ஹீட்டர் இருக்கிறது, வண்டி ஓட ஓட உருகிவிடும்.

இனி அந்த வால்வு. என் வண்டியில் டீசல் ஹீட்டர் ஒன்றே அறையையும் சூடாக்குகிறது, 10 லிட்டர் பாய்லரில் வெந்நீரும் தருகிறது. பாய்லரில் நீர் உறைந்தால் வெடித்துவிடும் என்பதற்காக, இந்த வால்வைச் சுற்றியுள்ள சூடு சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் அது தானாகத் திறந்து நீரை வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. யோசனை நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் உட்புறத்தைக் கட்டியவர்கள் அதைச் சூடான காற்று எட்டாத ஒரு மூலையில், வெளிச்சுவரை ஒட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். அறை 20 டிகிரியில் கதகதப்பாக இருக்கும்போது வால்வுக்குப் பக்கத்தில் 2 டிகிரி! தெர்மாமீட்டர் வைத்து அளந்தே பார்த்தேன்.

இரண்டாம் பனிக்காலத்தில், மைனஸ் 15 டிகிரி இரவு ஒன்றில் நடந்ததை மறக்க முடியாது. வால்வு திறந்தது. குழாயில் அழுத்தம் குறைந்ததும், யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று எண்ணித் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. பாய்லரில் இருந்த 10 லிட்டரோடு போகவில்லை, தொட்டியிலிருந்த 100 லிட்டரும் பனியில் கொட்டித் தீர்ந்தது. வெறுமனே ஓடிய மோட்டார், குளிரில் ஏற்கெனவே பாதி சக்தியை இழந்திருந்த பேட்டரியை உறிஞ்சிவிட்டது. மின்னழுத்தம் விழுந்ததும் ஹீட்டர் தானே அணைந்துகொண்டது. குழந்தையைப் போர்வையில் சுற்றி முன் இருக்கைக்குத் தூக்கிப் போய், எஞ்சினை ஓடவிட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் நிம்மதியில்லை. அந்த இடம் 7 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை வால்வு மூடி நிற்காது, அதுவரை தண்ணீர் பிடிக்கவும் முடியாது.

வால்வின் பொத்தானில் துணிக் கிளிப் மாட்டித் திறக்கவிடாமல் செய்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹீட்டர் ஒருநாள் நின்றால் பாய்லரே போய்விடும். படுக்கும்முன் தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், தொட்டி நீராவது மிஞ்சும்.

இந்த வாரம் செய்த ரிப்பேர் ரொம்பச் சின்னது. சூடான காற்றுக் குழாயில் ஒரு கிளை பிரித்து, ஒன்றரை அடி நீளத்தில் வால்வுப் பக்கம் விட்டார்கள். அவ்வளவுதான். முந்தாநாள் இரவு மைனஸ் 12, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இந்த ஒன்றரை அடிக் குழாயை முதலிலேயே போட்டிருக்கக் கூடாதா?

நியாயமாகச் சொன்னால் அந்த ஹீட்டரைப் போல மனதுக்கு நிறைவு தந்த பொருள் இந்த வண்டியில் வேறில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். பூட்டேன் கேஸ் பூச்சியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும், எங்களுக்கு அந்தப் பயமும் இல்லை. எஞ்சின் குடிக்கும் அதே டேங்கிலிருந்து கொஞ்சமாக எடுத்துக்கொண்டு இரவு முழுக்க எரியும். பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் பேட்டரியிலிருந்து அதிகம் இழுக்கும். வெளியே பனி கொட்ட, உள்ளே வெறும் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தனிச் சுகம். இந்த வண்டியை நான் விற்கப்போவதில்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் கட்டிலுக்கு அடியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அதிலும் வால்வு அதே மூலையில்தான் இருக்கிறது.