சிம் லிம்ல வாங்குன எஸ்எஸ்டி சூப்பர், 30 வெள்ளி 'ரெடி பண்ற' சர்வீஸ் மட்டும் வேணாம்

போன சனிக்கிழமை தேக்காவுல மீன் வாங்கிட்டு அப்டியே நடந்து சிம் லிம் ஸ்குவேர் (சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் சாமான் விக்கிற கட்டடம்) போயி 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, அதான் மதர்போர்டுல நேரா மாட்டுற வேகமான டிரைவ், ஒண்ணு வாங்குனேன் (மீன் பையோட கடை கடையா விலை கேட்டது தனிக்கதை). விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, பழைய ஹார்ட்டிஸ்க்கும் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு, சரி புதுசுல 11 ஃப்ரெஷ்ஷா போட்ருவோம்னுதான்.

விலைல குறையே இல்ல, ரெண்டு மாடி ஏறி எறங்குனதுல நான் வாங்குன கடை அங்கிள்தான் மலிவு. பில் போடும்போதுதான் "டிரைவ ரெடி பண்ணித் தரவா, 30 வெள்ளிதான், வீட்டுக்குப் போயி நேரா விண்டோஸ் போட்டுக்கலாம்"னாரு. மீன் கெட்டுருமேன்னு அவசரத்துல நானும் தலையாட்டிட்டேன்.

வீட்டுக்கு வந்து விண்டோஸ் செட்டப் இருக்குற பென்டிரைவ சொருகி ஆரம்பிச்சா, இதுல எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கு, ஜிபிடி டிஸ்க்லதான் போட முடியும்னு சொல்லி நெக்ஸ்ட் அமுக்கவே விடல (டிஸ்க்க எப்டிப் பிரிச்சிருக்குன்னு குறிச்சு வைக்கிற முறைதான் ரெண்டும், எம்பிஆர் பழசு, ஜிபிடி புதுசு). மனுஷன் பழைய முறைல எம்பிஆர் போட்டு ஒரே பார்ட்டிஷனா ஃபார்மட் பண்ணி வச்சிருக்காரு. யுஇஎஃப்ஐல (பழைய பயாஸுக்குப் பதிலா வந்த, மெஷின எழுப்புற சாஃப்ட்வேர்) ஓடுற போர்டுல விண்டோஸ் போட அது ஆகாது. கவர் பிரிக்காம அப்டியே குடுத்திருந்தாலே விண்டோஸ் தானா ஜிபிடி போட்டு, 100 எம்பி இஎஃப்ஐ, 16 எம்பி ரிசர்வ்டு, ரெகவரின்னு தேவையான பார்ட்டிஷன் எல்லாத்தையும் பிரிச்சிருக்கும். சொந்தக் காசுல சூனியம்னா இதான்.

சரி நாமளே பாப்போம்னு மெஷின ஆஃப் பண்ணி மொதல்ல பழைய ஹார்ட்டிஸ்க் கேபிள உருவுனேன். இத யாரும் சோம்பேறித்தனப்பட்டு விட்றாதீங்க, அதுலதான் பத்து வருஷ ஃபேமிலி போட்டோ இருக்கு, டிஸ்க் 0 எது டிஸ்க் 1 எதுன்னு நம்பர் நாம நெனைக்கிற மாதிரி வராது, தப்பான டிஸ்க்க எடுத்து கிளீன்னு கமாண்ட் அடிச்சா உறுதியான்னு ஒரு வார்த்தை கேக்காது, நொடில பார்ட்டிஷன் எல்லாம் காலி. இன்னொன்னு, பழைய டிஸ்க் மாட்டியே இருந்தா விண்டோஸ் சில நேரம் பூட் ஃபைல அதுல கொண்டுபோயி வச்சிரும், பின்னாடி அத கழட்டுனா மெஷின் எழுந்திரிக்காது.

அப்றம் பென்டிரைவ்ல பூட் பண்ணி (பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவ வந்தா யுஇஎஃப்ஐன்னு போட்டத எடுங்க) ஷிஃப்ட் எஃப்10 அமுக்கி கமாண்ட் விண்டோவ தொறந்து, வரிசையா டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், சைஸ் பாத்து செலக்ட், கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. இதுக்கா 30 வெள்ளி?

டிரைவ பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல. 1 டிபிக்கு 931 ஜிபின்னு காட்டுதேன்னு பதறாதீங்க, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான், விண்டோஸ் 1024ஆல வகுக்குது, அவ்ளோதான். முன்னாடி பவர் பட்டன அமுக்கிட்டு கோப்பி கலக்கிட்டு வருவேன், இப்ப தண்ணி கொதிக்கிறதுக்குள்ள லாகின் ஸ்க்ரீன் வந்துருது.

கடைக்கு போன் பண்ணி கேட்டேன். "எல்லாருக்கும் அப்டித்தான் லா போடுவோம்"னாரு, பணமும் திரும்பி வரல. ஆனா ஒண்ணு சொல்லணும், எம்.2 மாட்டுற குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் டிரைவ் பாக்ஸ்ல வராது, மதர்போர்டோட வந்தத நான் எப்பவோ தொலைச்சிட்டேன், கேக்காமலேயே ஒண்ணு எடுத்து பைல போட்டுவிட்டவரும் இதே அங்கிள்தான். டிரைவுக்கு 5 ஸ்டார், சர்வீஸுக்கு 1, அந்த ஒண்ணும் ஸ்க்ரூவுக்காக.